லான் பவுல்ஸ்: வளைந்தோடும் பந்தை வசப்படுத்துவது எப்படி?

பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி இந்தியாவின் நான்கு வீராங்கனைகள் தங்கப் பதக்கம் வென்றபோது, நாட்டின் பெரும்பாலான விளையாட்டு ரசிகர்களுக்கு அந்த ஆட்டத்தின் பெயரே புதிதாக இருந்தது. லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்கி ஆகிய நால்வரும் இறுதி ஆட்டத்தில் தென் ஆப்பிரிக்காவை 17-10 என்ற புள்ளிக் கணக்கில் வீழ்த்தினர். லான் பவுல்ஸில் இந்தியா பெற்ற முதல் காமன்வெல்த் பதக்கம் அது. நான்கு நாள்களுக்குப் பின் ஆடவர் நால்வர் அணி வெள்ளி வென்றது.

தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ஆட்டம் மிக எளிதாகத் தோன்றியது. ஒருவர் பாயின் மீது நின்று பந்தை உருட்டுகிறார். பந்து மெதுவாகச் சென்று சிறிய வெள்ளைப் பந்தின் அருகே நிற்கிறது. ஓட்டமில்லை, மோதலில்லை. ஆனால் முதல்முறையாகப் பந்தைக் கையில் எடுப்பவர் சில நிமிடங்களிலேயே ஒன்றை உணர்ந்துவிடுவார்: இலக்கை நோக்கிக் குறிவைத்து உருட்டினால் பந்து இலக்கை அடையாது. இந்தப் பந்து நேர்க்கோட்டில் ஓடுவதற்காக வடிவமைக்கப்படவில்லை. லான் பவுல்ஸைக் கற்பது என்பது, அந்த வளைவைப் புரிந்துகொண்டு அதனைத் தன் விருப்பத்துக்கு ஏற்பப் பயன்படுத்தக் கற்பதே ஆகும்.

ஆட்டத்தின் நோக்கம்

ஆட்டத்தின் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். 'ஜாக்' எனப்படும் சிறிய பந்துக்கு மிக அருகில், எதிரணியைவிட அதிகமான பந்துகளை நிறுத்த வேண்டும். முதலில் ஒருவர் ஜாக்கை உருட்டிவிடுவார். பின்னர் இரு தரப்பினரும் மாறி மாறித் தங்கள் பந்துகளை அதனை நோக்கி உருட்டுவார்கள். எல்லாப் பந்துகளும் உருட்டப்பட்டதும் ஒரு சுற்று முடியும். புள்ளிகளைக் கணக்கிட்ட பின், அடுத்த சுற்று எதிர்த்திசையில் தொடங்கும்.

ஒற்றையர், இரட்டையர், மூவர், நால்வர் என நான்கு பிரிவுகளில் இது ஆடப்படுகிறது. வழக்கமாக ஒற்றையர் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கு பந்துகள். நால்வர் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பந்துகள். பர்மிங்காமில் நால்வர் ஆட்டம் 15 சுற்றுகள் கொண்டதாக இருந்தது.

தளமும் கருவிகளும்

ஆட்டம் நடைபெறும் சமதளப் புல்வெளி, ஆடும் திசையில் 31 முதல் 40 மீட்டர் வரை நீளம் கொண்டது. இயற்கைப் புல்லும் உண்டு, செயற்கை விரிப்பும் உண்டு. அந்தத் தளம் 'ரிங்க்' எனப்படும் நீள்பட்டைகளாகப் பிரிக்கப்படும். வெளியரங்கில் ஒரு ரிங்க்கின் அகலம் 4.3 முதல் 5.8 மீட்டர் வரை இருக்கும். எனவே ஒரே தளத்தில் பல ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடைபெற முடியும். தளத்தின் விளிம்பில் ஆழமற்ற பள்ளமும், அதற்கு அப்பால் சற்றே உயர்ந்த கரையும் அமைந்திருக்கும்.

ஆடுபவர் நிற்கும் பாய் 60 சென்டிமீட்டர் நீளமும் 36 சென்டிமீட்டர் அகலமும் உடையது. பந்தை விடும் தருணத்தில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியேனும் பாயின் மீதோ, பாய்க்கு நேர் மேலாகவோ இருக்க வேண்டும். ஜாக் வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தில், ஏறத்தாழ 64 மில்லிமீட்டர் விட்டம் கொண்டிருக்கும். பாயின் முன்விளிம்பிலிருந்து குறைந்தது 23 மீட்டர் தொலைவில் ஜாக் நிற்க வேண்டும் என்பது விதி. அது ரிங்க்கின் நடுக்கோட்டில் வைக்கப்பட்ட பின்னரே பந்துகள் உருட்டப்படும்.

பந்துகள் கடினமான செயற்கைப் பொருளால் ஆனவை. அவற்றின் எடை 1.59 கிலோகிராமைத் தாண்டக் கூடாது. கைகளின் அளவுக்கு ஏற்பப் பல அளவுகளில் அவை கிடைக்கின்றன. முற்காலத்தில் லிக்னம் விட்டே என்னும் மிகக் கடினமான மரத்திலிருந்து பந்துகள் கடையப்பட்டன.

புதிதாகக் கற்பவர் பந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. இரு கைகளின் கட்டைவிரல்களும் நடுவிரல்களும் பந்தின் நடுப்பகுதியைச் சுற்றி ஒன்றையொன்று தொட வேண்டும். விரல் நுனிகள் தொட்டால் அந்த அளவு பெரும்பாலும் பொருந்தும். தொடவில்லையெனில் பந்து பெரிது. உருட்டும்போது கையிலிருந்து நழுவும். காலணி, குதிகால் உயரமில்லாத தட்டையான அடிப்பாகம் கொண்டதாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் புல்தளம் சேதமடையும்.

பந்து ஏன் வளைகிறது?

பார்வைக்கு உருண்டையாகத் தோன்றினாலும் இந்தப் பந்து முழுக் கோளம் அன்று. அதன் ஒரு பக்கமும் மறு பக்கமும் ஒரே வடிவில் கடையப்படுவதில்லை. அதனால் பந்தின் எடைமையம், அது உருளும் கோட்டுக்கு நேர் மேலே அமையாமல் ஒரு பக்கமாகச் சற்றே விலகி நிற்கிறது. இந்த ஏற்பாடு 'சாய்வு' எனப்படுகிறது. பந்துக்குள் ஈயம் போன்ற எடை எதுவும் வைக்கப்பட்டிருப்பதாகப் பலர் எண்ணுவது சரியன்று. இன்றைய பந்துகளில் வடிவமே சாய்வை உண்டாக்குகிறது.

மேசையின் மீது ஒரு நாணயத்தை நிறுத்தி உருட்டிவிட்டால் நிகழ்வதை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். வேகமாக ஓடும்போது நாணயம் ஏறக்குறைய நேராகச் செல்லும். வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கமே வளைந்து, இறுதியில் சிறு வட்டமிட்டு விழும். லான் பவுல்ஸ் பந்தும் அவ்வாறே தொடக்கத்தில் அதிகம் வளையாமல் செல்கிறது. வேகம் தணியும் கடைசிப் பகுதியில் கூடுதலாக வளைகிறது. அதன் பாதை தொடக்கத்தில் விரிந்தும் முடிவில் குறுகியும் அமைந்த ஒரு வில்லைப் போன்றது. பாயிலிருந்து பாதித் தொலைவைக் கடந்த பின்னரே பந்து நடுக்கோட்டிலிருந்து மிக அதிகமாக விலகியிருக்கும். அங்கிருந்து அது ஜாக்கை நோக்கி உள்ளே திரும்பத் தொடங்கும்.

சாய்வு எந்தப் பக்கம் என்பதை அறிவதற்காகப் பந்தின் இரு பக்கங்களிலும் சின்னங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கத்துச் சின்னம் பெரிது; மறு பக்கத்துச் சின்னம் சிறிது. சிறிய சின்னம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே பந்து வளையும். கற்பவர் மனத்தில் இருத்த வேண்டிய முதல் விதி இதுதான்.

இரு வழிகள்

ஒரே இலக்கை அடைய இரண்டு பாதைகள் உள்ளன. வலக்கைப் பழக்கம் உடையவர் நடுக்கோட்டுக்கு வலப்புறமாகப் பந்தை உருட்டி, அது இடப்புறம் வளைந்து ஜாக்கை அடையுமாறு செய்வது 'ஃபோர்ஹேண்ட்'. அப்போது சிறிய சின்னம் இடப்புறம் இருக்க வேண்டும். உள்ளங்கையில் பந்தை ஏந்திப் பிடிக்கும் நிலையில் அது சுண்டுவிரல் பக்கமாக அமையும். நடுக்கோட்டுக்கு இடப்புறமாக உருட்டி வலப்புறம் வளையச் செய்வது 'பேக்ஹேண்ட்'. அப்போது சிறிய சின்னம் கட்டைவிரல் பக்கம் இருக்கும். இடக்கைப் பழக்கம் உடையவர்களுக்கு இவை தலைகீழாக மாறும்.

பந்தைத் திருப்பிப் பிடிக்க மறந்துவிடுவது புதியவர்கள் அனைவரும் செய்யும் தவறு. அவ்வாறு நிகழ்ந்தால் பந்து உள்ளே வருவதற்குப் பதிலாக வெளியே வளைந்து, பக்கத்து ரிங்க்குக்குள் புகுந்து, அங்கு நடைபெறும் ஆட்டத்தையும் கலைத்துவிடும். நீண்ட அனுபவம் உடையவர்களும் கவனம் சிதறும் வேளையில் இந்தத் தவற்றைச் செய்வதுண்டு. எனவே பாயின் மீது ஏறியதும் சின்னத்தைப் பார்த்துவிட்டே உருட்டுவது என்னும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே பழக வேண்டும்.

பிடிப்பும் வீச்சும்

பந்தைப் பிடிப்பதில் இருவகை முறைகள் பரவலாக உள்ளன. விரல்களை உருளும் கோட்டுக்கு இணையாகப் பந்தின் அடியில் விரித்து, கட்டைவிரலை மேற்புறம் வைத்துப் பிடிப்பது ஒன்று. பந்தை உள்ளங்கையிலேயே தொட்டிலில் கிடத்துவது போல ஏந்துவது மற்றொன்று. முன்னது கட்டுப்பாட்டைத் தரும். பின்னது சிறிய கைகளை உடையவர்களுக்கும், புல் அடர்ந்த மெதுவான தளங்களுக்கும் ஏற்றது. எதைத் தேர்ந்தாலும் பந்தை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நடுவிரல் உருளும் கோட்டின் மீது இருத்தல் வேண்டும். விரல் கோணினால் பந்து தள்ளாடியபடியே ஓடும்.

நிற்கும் நிலையில் பாதங்கள் ஜாக்கை நோக்கி அல்ல, பந்து புறப்பட வேண்டிய திசையை நோக்கி அமைய வேண்டும். கை கடிகார ஊசல் போலப் பின்னே சென்று, அதே கோட்டில் முன்னே வர வேண்டும். வலக்கைப் பழக்கம் உடையவர் கை முன்னே வரும்போது இடக்காலை அதே திசையில் ஓர் அடி எடுத்து வைத்து, முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். பந்து தரையை மென்மையாகத் தொட வேண்டும். மேலிருந்து 'தொப்' என்று விழுந்தால் தொலைவும் திசையும் மாறிவிடும், புல்லும் குழியாகும். பந்து கையை விட்டுச் சென்ற பின்னும், உள்ளங்கை வானத்தை நோக்கியவாறு கை அதே திசையில் நீண்டு நிற்க வேண்டும்.

கண்கள் ஜாக்கைப் பார்க்கலாமா என்பதே பயிற்சியின் தொடக்கத்தில் எழும் கேள்வி. தொலைவை மனத்தில் பதித்துக்கொள்வதற்காக ஒருமுறை ஜாக்கைப் பார்த்துவிட்டு, பின்னர் எதிர்க்கரையில் உள்ள ஏதேனும் ஓர் அடையாளத்தின் மீதோ, பந்து செல்லும் வழியில் உள்ள ஒரு புள்ளியின் மீதோ பார்வையை நிறுத்த வேண்டும். ஜாக்கையே பார்த்துக்கொண்டு உருட்டினால் கை தன்னையறியாமல் அதன் பக்கம் இழுபடும். பந்து குறுகலாகச் சென்று, ஜாக்கைக் கடந்து மறுபுறம் போய்விடும். இலக்கிலிருந்து கண்ணை விலக்குவதே இலக்கை அடையும் வழி என்பதை உடல் ஏற்றுக்கொள்ளச் சில நாள்கள் பிடிக்கும்.

திசையைவிடக் கடினம் தொலைவு

திசையை ஓரிரு வாரங்களில் பழகிவிடலாம். தொலைவைக் கட்டுப்படுத்துவதற்கு நீண்ட பயிற்சி தேவை. ஒரு மீட்டர் அகலத் தவறும் ஒரு மீட்டர் நீளத் தவறும் அளவில் ஒன்றே எனினும், புதியவர்களின் பந்துகள் அகலத்தில் தவறுவதைவிட நீளத்தில் பன்மடங்கு தவறுவதைக் காணலாம். ஆகவே பயிற்சியின் தொடக்கத்தில், ஜாக்கின் இடத்தை மாற்றாமல் பத்துப் பதினைந்து பந்துகளை ஒரே பக்கமாக உருட்டிப் பழகுவது நல்லது. பின்னர் தொலைவைக் கூட்டியும் குறைத்தும் பழகலாம்.

தளத்தின் வேகமும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். பாயிலிருந்து 27 மீட்டர் தொலைவில் பந்து சென்று நிற்பதற்கு எத்தனை நொடிகள் ஆகின்றன என்பதை வைத்துத் தளத்தின் வேகம் குறிக்கப்படுகிறது. இங்கே ஒரு விந்தை உண்டு. நொடிகள் கூடினால் தளம் வேகமானது, குறைந்தால் மெதுவானது. வேகமான தளத்தில் உராய்வு குறைவு என்பதால், அதே தொலைவுக்குப் பந்தை மிக மென்மையாக உருட்டினால் போதும். அது மெல்ல ஊர்ந்து சென்று நிற்க அதிக நேரம் எடுக்கும். அவ்வாறு மெல்ல ஓடுவதால் வளைவும் அதிகமாகும். மெதுவான தளத்தில் விசையுடன் உருட்ட வேண்டும். பந்து விரைவில் சென்று விரைவில் நிற்கும், குறைவாகவே வளையும்.

பிரிட்டனின் ஈரமான இயற்கைப் புல்தளங்களில் சுமார் 10 நொடிகளே ஆகும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தளங்களில் 14 நொடிகளைத் தாண்டுவது இயல்பு. ஒரு நாட்டில் பழகியவர் மற்றொரு நாட்டில் ஆடும்போது பந்து புறப்பட வேண்டிய கோணத்தையே மாற்றிக்கொள்ள நேரிடுகிறது. ஒரே தளத்திலும் காலையில் பனி ஈரமும் பிற்பகலில் வெயிலின் உலர்ச்சியும் வேகத்தை மாற்றும்.

புள்ளிக் கணக்கு

ஒரு சுற்றில் ஓர் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். ஜாக்குக்கு மிக அருகில் உள்ள பந்து எந்த அணியினுடையதோ அந்த அணியே சுற்றை வெல்கிறது. எதிரணியின் மிக அருகிலுள்ள பந்தைவிடக் கூடுதல் அருகில் நிற்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி.

எடுத்துக்காட்டாக, ஜாக்கிலிருந்து 20 சென்டிமீட்டரிலும் 35 சென்டிமீட்டரிலும் முதல் அணியின் இரு பந்துகள் நிற்கின்றன. எதிரணியின் மிக அருகிலுள்ள பந்து 50 சென்டிமீட்டரில் நிற்கிறது. முதல் அணியின் மூன்றாவது பந்து 60 சென்டிமீட்டரில் உள்ளது. இப்போது முதல் அணிக்கு இரண்டு புள்ளிகள். மூன்றாவது பந்து எதிரணிப் பந்துக்கு அப்பால் நிற்பதால் கணக்கில் சேராது. எதிரணிக்குப் புள்ளி இல்லை. கண்ணால் தீர்மானிக்க இயலாதபோது அளவுநாடா கொண்டு அளப்பார்கள்.

நால்வர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு எட்டுப் பந்துகள் என்பதால் ஒரு சுற்றில் அதிகபட்சம் எட்டுப் புள்ளிகள் பெற முடியும். நடைமுறையில் ஒன்று முதல் நான்கு வரை கிடைப்பதே வழக்கம்.

பள்ளத்தில் விழும் பந்துகளுக்குத் தனி விதி உண்டு. உருண்டு வரும்போதே ஜாக்கைத் தொட்ட பந்து சுண்ணக்கட்டியால் அடையாளமிடப்படும். அது பின்னர் பள்ளத்தில் விழுந்தாலும் ஆட்டத்தில் இருப்பதாகவே கருதப்படும். ஜாக்கைத் தொடாமல் பள்ளத்தில் விழும் பந்து ஆட்டத்திலிருந்து நீக்கப்படும். ஜாக்கும் ஆட்டத்தின் நடுவே இடம் மாறலாம். ரிங்க்கின் எல்லைக்கு உட்பட்ட பள்ளத்துக்குள் அது தள்ளப்பட்டால், அங்கேயே இலக்காகத் தொடரும்.

மென்மையும் வன்மையும்

ஜாக்கின் அருகே பந்தை நிறுத்துவதற்காக மென்மையாக உருட்டுவது 'டிரா' எனப்படுகிறது. ஆட்டத்தின் உயிர்நாடி இதுவே. பயிற்சியாளர்கள் முதல் சில மாதங்களுக்கு இதைத் தவிர வேறெதையும் கற்பிக்காமல் இருப்பதுண்டு. எதிரணியின் பந்துகள் ஜாக்கைச் சூழ்ந்துகொண்டால், அவற்றைச் சிதறடிக்க முழு விசையுடன் உருட்டுவது 'டிரைவ்'. மிகுந்த வேகத்தில் செல்வதால் பந்து இங்கு ஏறக்குறைய நேராகவே ஓடும். ஜாக்கைத் தன் பந்தோடு சேர்த்துப் பின்னோக்கித் தள்ளிச்சென்று, முன்னரே அங்கு நிற்கும் தன் அணிப் பந்துகளுக்கு அருகில் சேர்ப்பது 'டிரெயில்'. நன்கு பழகிய அணி, ஜாக்குக்குப் பின்னால் ஓரிரு பந்துகளை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பது இதற்காகத்தான். எதிரணியின் பந்து வரும் வழியில் தன் பந்தை நிறுத்தித் தடுப்பதும் ஓர் உத்தி.

நால்வர் அணியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பொறுப்பு உண்டு. 'லீட்' பாயை விரித்து, ஜாக்கை உருட்டி, முதல் பந்துகளை ஜாக்கின் அருகே சேர்ப்பவர். 'செகண்ட்' அந்த நிலையை வலுப்படுத்துபவர். 'தேர்ட்' இக்கட்டான சூழலைச் சரிசெய்பவர். பந்துகளின் தொலைவை அளப்பதும் இவர் பணி. 'ஸ்கிப்' அணித்தலைவர். மற்ற மூவரும் உருட்டும் வரை எதிர்முனையில் நின்று, எந்தப் பக்கம், எவ்வளவு தொலைவு என்று கைகளால் வழிகாட்டுவார். இறுதியில் தாமே பாய்க்குச் சென்று கடைசிப் பந்துகளை உருட்டுவார். பர்மிங்காமில் லவ்லி சௌபே லீட், பிங்கி செகண்ட், நயன்மோனி சைகியா தேர்ட், ரூபா ராணி திர்கி ஸ்கிப்.

அரையிறுதி கற்பித்த பாடம்

விதிகளை அறிந்தபின் அந்த அணியின் ஆட்டத்தைத் திரும்பிப் பார்த்தால், முன்பு புலப்படாத பல தெளிவாகும். அரையிறுதியில் எதிரணி நியூசிலாந்து. இந்த ஆட்டத்தில் நீண்ட மரபு கொண்ட நாடு. கடைசிச் சுற்றுக்கு முன் இந்தியா 12-13 என ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. இறுதிச் சுற்றில் ரூபா ராணி திர்கியின் பந்து நிலைமையை மாற்ற, ஒரே சுற்றில் நான்கு புள்ளிகள் பெற்று 16-13 என இந்தியா வென்றது. அந்த நான்கு புள்ளிகளும் ஒரே பந்தால் வந்தவை அல்ல. மற்ற மூவரும் முன்னரே நிறுத்திவைத்த பந்துகள் அங்கு காத்திருந்ததால்தான் ஸ்கிப்பின் ஒரு பந்து அத்தனை மதிப்புப் பெற்றது.

இறுதி ஆட்டத்திலும் 8-2 என முன்னிலை பெற்றிருந்த இந்தியா அதை இழக்க, ஆட்டம் 10-10 எனச் சமநிலையை எட்டியது. எஞ்சிய சுற்றுகளில் எதிரணிக்கு ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்காமல் ஏழு புள்ளிகளை இந்தியா சேர்த்தது. முன்னிலை கைநழுவிய பின்னும் பதறி விசையைக் கூட்டாமல், மீண்டும் மென்மையான டிராவுக்குத் திரும்பும் மனக்கட்டுப்பாடே இந்த ஆட்டத்தில் உடல்வலிமையின் இடத்தைப் பிடிக்கிறது.

யார் கற்கலாம்?

அந்த நால்வரும் பதக்கம் வென்றபோது முப்பது வயதைக் கடந்தவர்கள். நால்வரில் எவரும் சிறுவயதில் லான் பவுல்ஸில் தொடங்கியவர் அல்லர். ஜார்க்கண்ட் காவல்துறையில் பணியாற்றும் லவ்லி சௌபே தடகளத்திலிருந்தும், அசாமைச் சேர்ந்த நயன்மோனி சைகியா பளுதூக்குதலிலிருந்தும், ராஞ்சியைச் சேர்ந்த ரூபா ராணி திர்கி கபடியிலிருந்தும் வந்தவர்கள். பிங்கி தில்லியில் உடற்கல்வி ஆசிரியை. வேறு விளையாட்டுகளில் வயதும் காயமும் கதவை அடைக்கும் கட்டத்தில், இந்த ஆட்டம் அவர்களுக்கு இரண்டாவது வாழ்வைத் தந்தது. நயன்மோனி சைகியாவுக்கு 2022-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும், பிங்கிக்கு 2023-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் வழங்கப்பட்டன.

பதின்வயதினரும் அறுபதைக் கடந்தவர்களும் ஒரே ரிங்க்கில் சமமாக ஆட முடிவது இதன் சிறப்பு. குனிய இயலாதவர்கள் பந்தைப் பற்றி உருட்டுவதற்கு நீண்ட கைக்கருவிகள் உள்ளன. பார்வைக் குறைபாடு உடையோருக்கான இரட்டையர் பிரிவு காமன்வெல்த் போட்டியிலேயே இடம்பெற்றுள்ளது. அதில் ஆடுபவருக்குத் துணையாக நிற்பவர் ஜாக்கின் திசையையும் தொலைவையும் சொல்லால் உணர்த்துவார்.

எங்கே கற்பது?

இந்தியாவில் கற்க விரும்புவோர் சந்திக்கும் முதல் தடை, ஆட்டத்தின் கடினம் அன்று, தளமின்மைதான். பிரிட்டிஷார் காலத்தில் கொல்கத்தாவின் கிளப்களுக்குள் ஆடப்பட்ட இந்த விளையாட்டு, 2010-ஆம் ஆண்டு தில்லி காமன்வெல்த் போட்டியை ஒட்டியே பொது வெளிக்கு வந்தது. காமன்வெல்த் லான் பவுல்ஸில் இந்தியா முதன்முதலில் பங்கேற்றதும் அப்போதுதான். அந்தப் போட்டிக்காகத் தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்க வளாகத்தில் தளம் அமைக்கப்பட்டது. ராஞ்சியின் நாம்கும் பகுதியிலும், குவாஹாட்டியின் சருசஜாய் வளாகத்திலும் தளங்கள் உள்ளன. தேசிய அணியில் ஜார்க்கண்ட், அசாம், தில்லி ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம் இதிலிருந்தே விளங்கும். தளம் இருக்கும் ஊரில்தான் ஆட்டக்காரர்கள் உருவாகிறார்கள்.

தரமான பந்துகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதியாகின்றன. எனவே புதியவர் உடனே சொந்தப் பந்துகள் வாங்க முனைய வேண்டியதில்லை. பயிற்சி நடைபெறும் இடங்களில் உள்ள பந்துகளில் பல அளவுகளையும் பலவகைச் சாய்வுகளையும் பழகிப் பார்த்து, கைக்குப் பொருந்துவதை அறிந்த பின் வாங்குவதே சிக்கனமானது. விளையாட்டை நிர்வகிக்கும் தேசிய அமைப்பு இந்திய பவுலிங் சம்மேளனம். மாநில அளவிலான தேர்வுகளும் தேசியப் போட்டிகளும் அதன் வழியே நடைபெறுகின்றன.

இந்தத் தடையை நீக்குவது இப்போது முன்னெப்போதையும்விட முக்கியமாகியுள்ளது. கிளாஸ்கோவுக்கு ஒதுக்கப்பட்ட 2026-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டியின் பட்டியல் 10 விளையாட்டுகளாகச் சுருக்கப்பட்டபோது, இந்தியா பதக்கங்களைக் குவித்து வந்த துப்பாக்கிச் சுடுதல், மல்யுத்தம், பாட்மிண்டன், டேபிள் டென்னிஸ், ஹாக்கி ஆகியவை நீக்கப்பட்டன. லான் பவுல்ஸ் பட்டியலில் நிலைத்தது. 2030-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டியை நடத்தும் வாய்ப்பு அகமதாபாதுக்கு வழங்கப்பட்டுள்ளது. 2010-இல் தில்லியில் அமைந்த ஒரு தளம், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு தங்கமாகப் பலன் தந்தது. ஒரு ஆட்டக்காரர் முதிர்ச்சியடைய எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு அதுவே சான்று.

தொடங்குவோருக்கு

முதல் மாதத்தில் இலக்கைத் தொடுவதைவிட, பந்துகள் ஒன்றன் அருகே ஒன்று வந்து நிற்கின்றனவா என்று பார்ப்பதே சரியான அளவுகோல். ஜாக்கிலிருந்து ஒரு மீட்டர் விலகியிருந்தாலும் நான்கு பந்துகளும் ஒரே இடத்தில் நின்றால், கை சீராகிவிட்டது என்று பொருள். அதன்பின் கோணத்தைச் சற்று மாற்றினால் போதும். ஒவ்வொரு பந்தும் ஒவ்வொரு திசையில் நின்றால், பிடிப்பையும் வீச்சையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

ஒரு பந்து குறுகலாகச் சென்றால், அது நிற்கும் வரை கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். எங்கே திரும்பியது, எங்கே நின்றது என்பதை அடுத்த பந்துக்கான பாடமாகக் கொள்ள வேண்டும். இரு பக்கங்களையும் சமமாகப் பழக வேண்டும். ஒரே பக்கத்தை மட்டும் நம்புபவரை எதிரணி எளிதில் அடையாளம் கண்டு, அந்த வழியை மறித்துவிடும்.

விதிகள் அனைத்தையும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். 1.5 கிலோகிராம் எடையுள்ள ஒரு பந்தை 27 மீட்டர் தொலைவில், ஒரு கைப்பிடி அளவேயான ஜாக்கின் அருகே, வளைந்து வந்து நிற்கச் செய்வதற்கு ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளைச் செலவிட ஆள்கள் இருக்கிறார்கள் என்பதை நான்கு வீராங்கனைகள் நிரூபித்துவிட்டனர். அவர்கள் உருட்டுவதற்கு இன்னும் சில தளங்கள் தேவை.